காற்றுக் குழாய் வைத்த வீடு

கேமரன் மலையில் ஏசி விற்க வந்தவனைப் பார்த்து ஊரே சிரித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது யாரும் சிரிப்பதில்லை. சிரித்தால் அதற்கும் அனுமதி வாங்கினாயா என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்தை ஊருக்குக் கொண்டுவந்த புண்ணியவான்கள் மேட்டுநில நடமாடும் இல்லங்கள் வாரியத்தார். பிரிஞ்சாங் டவுனில், ஒரு ஸ்டீம்போட் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவர்கள் ஆபீஸ். கீழே ஜனங்கள் குளிருக்கு இதமாகச் சூடான சூப்பு குடித்துக்கொண்டிருப்பார்கள். மேலே இவர்கள் மலைக்கு ஏசி போட வழி தேடிக்கொண்டிருப்பார்கள்.

இவர்களிடம் மாட்டிக்கொண்டவர் பூப்பல் தோட்டத்து நாகரத்தினம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் புளூபெல் எஸ்டேட். நம் ஆட்கள் வாயில் அது என்றைக்கோ பூப்பல் ஆகிவிட்டது.

நாகரத்தினத்துக்குத் தேயிலை ஃபேக்டரியில், கொழுந்தை வாட வைக்கும் மேல்மாடியில் வேலை. பறித்து வந்த பச்சைக் கொழுந்தை நீளநீளமான கம்பிவலைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். வெயில் நாளில் வெறும் காற்றே போதும். மழை நாளில் கொழுந்து ஈரமாக வரும். அப்போது ஒரு பிடியை இழுத்தால் அடுப்புப் பக்கத்துக் கதவு திறந்து சூட்டுக் காற்று வரும். தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் இழுக்க வேண்டும், சத்தம் நின்றால் தள்ள வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கைக்கு இதுதான் வேலை. சோறு தின்னும்போது மழை வந்தாலும் எச்சில் கை தானாக எழுந்து எதையோ இழுக்கும். மனைவி நீலாவதி தட்டை நகர்த்தி வைத்துக்கொள்வாள்.

அவருக்கு வேலை ஓய்ந்தது. வேலை ஓய்ந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் ஓய்ந்தது. தீபாவளி கழிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மகள் குமுதா ஜொகூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். வந்துவிடுங்கள் என்று வாரத்துக்கு ஒரு தரம் போன் போடுகிறாள்.

“போறதுன்னா நீங்க போங்க. பன்னெண்டாவது மாடியில ஃபேனைப் பாத்துக்கிட்டு உக்கார என்னால ஆகாது. பக்கத்து லயத்துப் பாஞ்சாலை இங்க இருக்கா, செல்லம் இங்க இருக்கா, கோயில் இங்க இருக்கு. நான் எங்க போறது?” என்று நீலாவதி ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

நாகரத்தினத்துக்கும் போக மனசில்லை. பிறந்தது இந்தக் குளிரில். ஒருமுறை ஜொகூரில் பத்து நாள் இருந்துவிட்டு உடம்பெல்லாம் வேர்க்குருவோடு திரும்பி வந்த மனிதர் அவர்.

ஆகவே சேமநிதிப் பணத்தில் திரிங்காப் காய்கறித் தோட்டக்காரரிடம் ஒரு பழைய லோரியை வாங்கினார். பின்னால் இருந்த பெட்டியில் ஜன்னல் வெட்டினார், கட்டில் போட்டார், அலமாரி அடித்தார், அடுப்பு வைத்தார். எத்தனை தரம் கழுவியும் முட்டைக்கோஸ் வாசனை மட்டும் போகவில்லை. மலாயில் முட்டைக்கோஸுக்குக் கோபிஸ் என்று பெயர். தோட்டத்தில் அதற்குக் ‘கோபிஸ் பங்களா’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். நீலாவதி அதற்குள் சாமி படத்தை மாட்டிவிட்டாள். சாமி குடிவந்த பிறகு அது வீடு. இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் துரைக்குத்தான் வந்தது. தோட்டத்து மேனேஜர் கிரகரி நல்ல மனிதர். ஆனால் துரை.

“அண்ணே, பழைய நர்சரிப் பக்கம் இடம் சும்மாதான் கிடக்கு, நீங்க தாராளமா இருக்கலாம்லா. ஆனா வண்டின்னா மூணு நாளைக்கு மேல நிறுத்தக் கூடாதுன்னு கம்பெனி ரூல் இருக்கு. வீடுன்னா பிரச்சனை இல்ல. இது வண்டியா வீடான்னு வாரியம் சொல்லட்டும். அவங்க வீடுன்னு ஸ்டிக்கர் ஒட்டுனா, தண்ணியும் கரண்டும் நானே குடுக்கிறேன்” என்றார்.

இது வீடுதான் என்று ஒருவர் சொல்லிவிட வேண்டும். இதைவிடச் சுலபமான காரியம் உண்டா என்று நினைத்துக்கொண்டு நாகரத்தினம் பிரிஞ்சாங்குக்கு பஸ் ஏறினார்.

வெளியே சாரல் போட்டு நல்ல குளிர். வாரியத்தின் கதவைத் திறந்தால் உள்ளே அதைவிடக் குளிர். சுவர் நிறைய ஏசி. கௌண்டரில் இருந்த ரெனீ என்ற பெண் கம்பளிக் கையுறையில் விரல் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டு கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

“உக்காருங்க அங்கிள். உங்க மோட்டார்ஹோம்ல ஏசி டக்டா, நான்-டக்டா?”

“என்னம்மா அது?”

ரெனீ பொறுமையான பிள்ளை. “நான்-டக்ட்னா கூரையில ஒரே ஒரு பெட்டி. அதுக்கு நேரா கீழ இருக்கிறவங்க மேல காத்து கொட்டும், கடைசியில படுத்திருக்கிறவங்களுக்கு ஒண்ணும் வராது. டக்ட்னா கூரைக்குள்ள குழாய் ஓடும். அங்கங்க ஓட்டை வழியா எல்லாருக்கும் சமமா காத்து வரும். டக்ட் இருந்தா எங்க சட்டப்படி அது வீடு. நான்-டக்ட் இருந்தா வண்டி.”

“ஏன்?”

“வீட்டுல குடும்பம் இருக்குமில்ல? குடும்பம்னா எல்லாரும் சமமா நடுங்கணும்” என்று ரெனீ ஒப்பித்தாள். மனப்பாடம் செய்தது தெரிந்தது.

“ஏசியே இல்லாட்டி?”

ரெனீக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது. “ஏசி இல்லாட்டி அது வண்டியும் இல்ல, வீடும் இல்ல அங்கிள். பொருள்னு எழுதிடுவோம்.”

சாமி படம் மாட்டிய வீட்டைப் பொருள் என்று எழுதினால் நீலாவதி இந்த ஆபீஸையே பெயர்த்துவிடுவாள். நாகரத்தினம் தலைவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

வாரியத் தலைவர் குகனேஸ்வரன் கழுத்திலிருந்து மூக்கு வரைக்கும் மஃப்ளர் சுற்றியிருந்தார். அவர் கழுத்தைப் பார்த்தவர்கள் அந்த ஆபீஸில் யாரும் இல்லை. நாகரத்தினம் கைகட்டி நின்று, மலையில்தான் ஏற்கனவே குளிர்கிறதே, ஏசி எதற்கு என்று பணிவாகக் கேட்டார்.

தலைவர் எழுந்து நின்றார். ஒரு ஆளுக்கு முன்னால் பேசுவதற்கும் அவர் எழுந்துதான் நிற்பார்.

“ஐயா, குளிர் என்பது இயற்கை. குளிர்ச்சி என்பது நிர்வாகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இயற்கை தரும் குளிருக்கு யார் பொறுப்பு? அதில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்? நாளைக்கே அது நின்றுவிட்டால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பீர்கள்? ஆனால் ஏசி நின்றால் என்னிடம் வரலாம். நான் இருக்கிறேன். மக்களுக்குக் குளிரில் ஒரு பிடிமானம் வேண்டும் என்பதற்காகத்தான் அரும்பாடுபட்டு இந்த வாரியத்தை உண்டாக்கினோம்.”

சொல்லி முடித்து அடுக்காக நாலு தும்மல் போட்டார்.

அந்த ஆபீஸில் இரண்டு பரிசோதகர்கள். டக்ட் பிரிவுக்கு எட்ரியன், நான்-டக்ட் பிரிவுக்கு ரொனால்ட். இருவருக்கும் ஒரே அறை. நடுவில் இரும்பு அலமாரியை இழுத்துப் போட்டு எல்லை கட்டியிருந்தார்கள். நாகரத்தினம் வெளியே வந்ததும் ரொனால்ட் அவரை மாடிப்படியில் மடக்கினார்.

“அந்த ஆள் பேச்சக் கேக்காதீங்கண்ணே. டக்ட் போட்டா கூரை இறங்கிடும், நிமிந்து நிக்க முடியாது. உள்ள எங்கயாவது ஓட்டை விழுந்தா கண்டுபிடிக்கவே முடியாது. நான்-டக்ட் நேர்மையானது. எங்கேருந்து வருதுன்னு கண்ணால பாக்கலாம். ரிப்பேரும் சுலபம்.”

“அப்ப நான்-டக்ட் போட்டா வீடுன்னு எழுதுவீங்களா சார்?”

“வண்டின்னு எழுதுவேன். ஆனா நேர்மையான வண்டின்னு எழுதுவேன்.”

எட்ரியன் அவரைக் கீழே கடை வாசலில் பிடித்தார். டக்டில் சத்தம் கிடையாது, தூங்கும் பிள்ளை முழிக்காது, மேல்சாதிக் காற்று கீழ்சாதிக் காற்று என்ற பேதம் கிடையாது என்று அவர் கண் கலங்கச் சொன்னார். உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று நாகரத்தினம் கேட்டதற்கு, வீட்டில் கணப்பு இருக்கிறது, ஆபீஸ் விஷயம் வேறு, வீட்டு விஷயம் வேறு என்றார்.

சரி, வீடு என்று ஆக வேண்டும், குழாய் போட்டுவிடுவோம் என்று நாகரத்தினம் முடிவு செய்தார். மலையடிவாரத்துத் தாப்பாவில் ஒரு பழைய ஏசியை வாங்கிக் கூரையில் ஏற்றினார். தகரத்தை வெட்டி வளைத்துக் கூரைக்கடியில் குழாய் ஓட்டினார். எல்லாம் முடிந்த பிறகு வண்டியின் பின்பக்கம் வெளியே ஒரு இரும்பு அடுப்பையும் பொருத்தி, அதைச் சுற்றித் தகர உறை போட்டு, அந்தச் சூட்டுக் காற்றும் அதே குழாயில் சேரும்படி ஒரு காற்றாடியும் கதவும் பிடியும் வைத்துவிட்டார்.

நீலாவதி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். “அவங்க கேட்டது குளிருக்கு மிஷின். நீங்க ஏன் சூட்டுக்கு வழி வெச்சிருக்கீங்க?”

“காத்துக் குழாய்னா ரெண்டு பக்கமும் இருக்கணும் புள்ள. ஒரு பக்கம் மட்டும் வெச்சா அது என்னா குழாய்?” ஃபேக்டரி குழாயைத் தவிர வேறு குழாயை அவர் கண்டதில்லை. அவர் வேறு என்ன செய்வார்?

முதல் பரிசோதனைக்கு எட்ரியன் ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். விதி மிகச் சுலபம். வெளியே இருப்பதைவிட உள்ளே பத்து டிகிரி குறைவாக இருக்க வேண்டும். வெளியே பதினேழு. ஏசியைப் போட்டார்கள். அது ஒரு முனகல் முனகிவிட்டு, எனக்கு இங்கே என்ன வேலை என்பது போல நின்றுவிட்டது. மறுபடி போட்டார்கள், மறுபடி நின்றது. அந்த இடத்திலேயே புத்தியோடு நடந்துகொண்டது அந்த மிஷின் ஒன்றுதான்.

“தப்பு உங்க மேல இல்ல. வெளிய சூடு பத்தல” என்று எட்ரியன் நியாயமாகச் சொன்னார். சூடு இருக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

கோபிஸ் பங்களா வளைந்து வளைந்து மலையிறங்கித் தாப்பாவுக்குப் போனது. நீலாவதி சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு வாந்தி எடுக்காமல் சமாளித்தாள். தாப்பாவில் மண்டை வெடிக்கிற வெயில். ஏசி உற்சாகமாக ஓடியது. குழாய் வழியாகக் காற்று சமமாக வந்தது. விதிப்படி எல்லாம் சரி. எட்ரியன் நாகரத்தினத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“வாழ்த்துக்கள்ணே. தாப்பாவில இது வீடு.”

“பூப்பல்ல?”

எட்ரியன் யோசித்தார். கீழே வீடாக இருக்கும் ஒன்று மேலே போனால் வீடாக இல்லை. அப்படியானால் ஏறும் வழியில் எங்கேயோ ஒரு வளைவில் அது வண்டியாக மாறுகிறது. எந்த வளைவு? இதைக் கண்டுபிடிக்க வாரியம் ஒரு துணைக்குழுவை அமைத்தது. எட்ரியனும் ரொனால்டும் தெர்மாமீட்டரோடு நாகரத்தினத்தின் லோரியில் ஏறி ஒவ்வொரு வளைவிலும் இறங்கி அளந்தார்கள். பின்னால் வந்த காய்கறி லோரிக்காரர்கள் ஹார்ன் அடித்து ஓய்ந்து, பிறகு கெட்ட வார்த்தையில் இறங்கினார்கள். ஒரு வளைவில் எட்ரியன் வீடு என்றார், ரொனால்ட் வண்டி என்றார். அங்கேயே மழை பிடித்துக்கொண்டது. முடிவு எடுக்கப்படாமல் மூன்று பேருக்கும் ஜலதோஷம் மட்டும் வந்தது.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. லயத்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போக அடுத்து வரப்போகும் குடும்பமும் வந்துவிட்டது. நல்ல ஜனங்கள். வாசலில் நின்று, இந்தக் கொடிக்கயிறை விட்டுவிட்டுப் போவீர்களா என்று கூச்சத்தோடு கேட்டார்கள். அவர்கள் போன பிறகு நீலாவதி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நாகரத்தினம் அதுவரை அவள் அழுது பார்த்தது மாமியார் செத்தபோதுதான். மறுநாள் பிரிஞ்சாங்குக்குப் போய்த் தலைவர் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆபீஸ் மூடும் நேரம் ஆன பிறகும் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரில் ஒரு கிழவர் விறைத்துப்போனால் அதற்கு யார் கையெழுத்துப் போடுவது என்ற கவலை தலைவருக்கு வந்துவிட்டது.

“நானே நேரில் வருகிறேன். கடைசிப் பரிசோதனை” என்றார்.

வந்தார்கள். தலைவர், எட்ரியன், ரொனால்ட், தெர்மாமீட்டரோடு ரெனீ. வேனிலிருந்து இறங்கி நர்சரி மேட்டில் நடப்பதற்குள் தூறல் பிடித்து எல்லோரும் நனைந்து உள்ளே வந்தார்கள். ஏற்கனவே வாரியக் குளிர். அதற்கு மேல் ஈரம். கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து பற்கள் தந்தியடிக்கக் காத்திருந்தார்கள்.

நாகரத்தினம் குழாய்ப் பிடிக்குப் பக்கத்தில் நின்றார். பின்பக்க அடுப்பில் நீலாவதி டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது.

“ஆரம்பிக்கலாம்” என்றார் தலைவர்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. தூறல் இல்லை, மலையே இடிந்து விழுவது போன்ற மழை. தகரக் கூரையில் சடசடவென்று கொட்டியது. நாகரத்தினத்தின் கை எழுந்தது. இழுத்தது.

இழுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சூட்டுக் கதவு திறந்து, காற்றாடி சுழன்று, கூரையின் எல்லா ஓட்டையிலிருந்தும் கதகதப்பாகக் காற்று இறங்கியது. போச்சு, எல்லாம் போச்சு. பிடியைத் தள்ளலாம் என்றால், மழை கொட்டும்போது தள்ளக் கை கேட்கவில்லை. நீலாவதி டீத் தட்டோடு வாசலில் நின்று அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஜொகூரே மேல் என்று தோன்றியது அவருக்கு.

முதலில் எட்ரியனின் பற்கள் நின்றன. அடுத்து ரொனால்ட் செருப்பைக் கழற்றி, கால்களைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். தலைவர் மெதுவாக மஃப்ளரின் ஒரு சுற்றை அவிழ்த்தார். இன்னொரு சுற்று. இன்னொன்று. அவருக்கும் மற்றவர்களைப் போலக் கழுத்து இருந்தது.

“பாத்தீங்களா சார், எல்லாருக்கும் சமமா வருது! இதத்தான் நான் இத்தனை வருஷமா கத்திக்கிட்டு இருந்தேன்” என்றார் எட்ரியன்.

“சார்” என்றாள் ரெனீ, தெர்மாமீட்டரைப் பார்த்து. “வெளிய பதினாறு. உள்ள இருபத்தாறு.”

தலைவர் கண்ணை மூடியபடியே பேசினார். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. “மலை ஏறி வந்ததுல மீட்டருக்குக் களைப்பா இருக்கும்மா. அதுக்கும் கொஞ்சம் ஓய்வு குடு. வித்தியாசம் பத்து டிகிரி வேணும்னோம், பத்து டிகிரி வந்திருக்கு. இத்தனை வருஷமா குளிர்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். குளிர்ச்சின்னா இவ்வளவு சொகமா இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

நாகரத்தினம் பொய் சொல்லிப் பழகாதவர். “சார், அது வந்து, நான் சூட்டுக்…” என்று ஆரம்பித்தார். நீலாவதி அவர் காலை ஓங்கி மிதித்துவிட்டுத் தலைவர் கையில் டீயைக் கொடுத்தாள்.

“அவருக்குச் சந்தோஷத்துல பேச்சு வராது சார். குடிங்க.”

ரொனால்ட் ஆட்சேபிப்பார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தூங்கிப் போயிருந்தார். குறட்டையை, நான்-டக்ட் பிரிவுக்கு ஆட்சேபம் இல்லை என்று ரெனீ குறித்துக்கொண்டாள். பரிசோதனை விதிப்படி கால் மணி நேரம்தான். அன்றைக்கு டீ இரண்டு சுற்று, நீலாவதி சுட்ட வடை ஒரு தட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று மத்தியானம் முழுக்க நீண்டது. கடைசியில் ரெனீ பச்சை ஸ்டிக்கரை எடுத்துக் கதவில் ஒட்டி உள்ளங்கையால் தேய்த்தாள். ‘வீடு’ என்று போட்டிருந்தது. நாகரத்தினத்தின் அப்பாவும் தாத்தாவும் இந்த மலையில் தேயிலை நட்டார்கள். அவர்கள் பெயரில் இங்கே ஒரு கதவுகூட இருந்ததில்லை. இப்போது ஒன்று இருக்கிறது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். அழுகை வந்தது, அழுதார்.

மழை விட்டதும் ரொனால்டை எழுப்பி, எல்லோரும் வேனுக்குப் போனார்கள். தலைவர் மட்டும் போகவில்லை. படியில் இறங்கினார், திரும்பி ஏறினார், மஃப்ளரைக் கையில் சுருட்டினார், பிரித்தார். வேனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அண்ணே, எனக்கும் ஜனவரியோட சர்வீஸ் முடியுது. கோட்டர்ஸக் காலி பண்ணணும். மகன் ஷா ஆலம்ல அடுக்குமாடிக் கொண்டோல இருக்கான். வந்துருங்கப்பான்னு கூப்பிடுறான். நல்ல பையன்தான். ஆனா அங்க ரூமுக்கு ரூம் ஏசி. சமையக்கட்டுல கூட இருக்கு.” மஃப்ளரை மறுபடி சுருட்டினார். “எனக்கு ஏசி ஒத்துக்காதுண்ணே. சின்ன வயசுலேருந்தே ஒத்துக்காது. இந்தப் பக்கத்துல இன்னொரு வண்டி நிக்க இடம் கிடைக்குமா?”

இத்தனை மாதமாக இந்த மனிதர் முன்னால் கைகட்டி நின்றவர் நாகரத்தினம். மனசுக்குள் எத்தனையோ திட்டி வைத்திருந்தார். இப்போது பாவமாகத்தான் இருந்தது. அவர் நீலாவதியைப் பார்த்தார்.

நீலாவதி காலி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

“தாராளமா வாங்க சார், துரைகிட்ட நான் சொல்றேன். ஏசிய மட்டும் பிரிஞ்சாங்லயே விட்டுட்டு வாங்க.”